இரண்டு ஒற்று

அப்பா நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். எழுத்துப் பிழை என்றால் அடித்துத் திருத்துவார். தகவலிலேயே சந்தேகம் வந்தால் ஓரத்தில் 'சரிபார்க்கவும்' என்று எழுதிக் கேள்விக்குறி போடுவார். இப்போது அல்சைமர் நோய் அவர் மூளையை மேய்ந்துகொண்டிருக்கிறது. போன மாதம் கழிப்பறை என்று நினைத்து அலமாரிக்குள் சிறுநீர் கழித்தார். சட்டைப்பையிலிருக்கும் சிவப்புப் பேனாவை மட்டும் யாரையும் தொட விடமாட்டார்.

மகள் வீடு முழுக்க அட்டை எழுதி ஒட்டினாள். வாசலில், 'கதவை திறக்க கூடாது'. அவர் நின்று நிதானமாக வாசித்தார். 'த்' ஒன்று, 'க்' ஒன்று, அவள் விட்டிருந்த இரண்டு ஒற்றையும் சிவப்பில் சேர்த்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நாலு தெரு தள்ளி, பேருந்து நிறுத்தத்தில், காலில் செருப்பில்லாமல் அவரைக் கண்டுபிடித்தாள்.

அவளுடைய விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை போகாவிட்டால் வேலை போய்விடும். மூன்றே மாதம் அப்பாவை வைத்துக்கொள் என்று அண்ணனிடம் கெஞ்சினாள். நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அந்தப் பெரிய மனுஷர் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார்.

ஆளைக் கண்டதும் அப்பாவுக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ! "வாங்க, உட்காருங்க. பிள்ளைங்க சௌக்கியமா?" என்று விசாரித்தார். யாருடைய பிள்ளைகள் என்று திருப்பிக் கேட்டிருந்தால் சாயம் வெளுத்திருக்கும். அண்ணன் கேட்கவில்லை. வாசல் அட்டையைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒற்று விட்டதைக்கூடப் பிடிச்சிருக்காரு. இவருக்கா மறதி? நீதான் எதையும் ஊதிப் பெருசாக்குற."

"பெத்த பிள்ளைய 'வாங்க'ன்னு கூப்பிட்டாரே, கவனிச்சியா?"

"நானும் வளர்ந்துட்டேன்ல? மரியாதை குடுக்கிறாரு."

அவள் காபி போட உள்ளே போனாள். அரை மணி நேரத்தில் காபியைக் குடித்துவிட்டு அண்ணன் கிளம்பினான். கார் தெருமுனை திரும்புவதற்குள் அப்பா கேட்டார், "யாரும்மா அவரு? ரொம்ப நல்ல மனுஷன்."

சாயங்காலம் அவள் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி முடித்தாள். எழுந்து வந்து பார்த்தால், அப்பா கட்டிலருகே பேனாவை மூடிக்கொண்டிருந்தார். அங்கே அவளுடைய புகைப்படத்துக்குக் கீழே ஓர் அட்டை உண்டு: 'நான் உங்கள் மகள்'. அதில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. அப்பாவும் எந்த எழுத்தையும் அடிக்கவில்லை. 'மகள்' என்பதற்கு அடியில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில், நடுங்காத கையெழுத்தில், 'சரிபார்க்கவும்?'