ஏழாம் நம்பர் வீடு

கங்காணி உடையப்பன் வாசலில் வந்து நின்றபோது நான் என் புருஷனின் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். இடது கணுக்காலுக்கு மேலே வெள்ளிக்காசு அகலத்தில் ஆரம்பித்த புண், மூன்றே மாதத்தில் உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் மஞ்சள் மருந்தைத் தடவிவிட்டு, "ஒரு மாசம் காலத் தொங்கப் போடாம உக்காரணும். இல்லாட்டி எலும்புல ஏறிடும், அப்புறம் கால வெட்டித்தான் எடுக்கணும்" என்று சொல்லியிருந்தான். சொல்லிவிட்டான் மகராசன். ஒரு மாசம் உட்கார்ந்தால் சோற்றுக்கு எங்கே போவது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் தினமும் விடியுமுன் துணியைச் சுற்றிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

"ஏழாம் நம்பர் வீடு ஒன்னோடதுதானே?" என்றார் கங்காணி.

"ஆமாண்ணே. கதவுலதான் எழுதியிருக்கே."

"ஒனக்கு எப்பவும் கிண்டல்தான். வர்ற புதங்கெழம கவர்மெண்டு தொரை ஈப்போவுலேர்ந்து வாரான். லயத்துல நாலு வீட்டுக்குள்ள போயிப் பாப்பானாம். ஒன் வீடும் ஒண்ணு. என்னா திங்கிறீங்க, என்னா உடுத்துறீங்க, எல்லாத்தயும் கேட்டு எழுதிக்குவானாம். அதப் பாத்துத்தான் இந்த ஜில்லா பூராவும் சம்பளம் முடிவு பண்ணப் போறாங்க. பத்துக் காசு ஏறும்னு பேச்சு. வீட்டச் சுத்தமா வச்சுக்க."

அவ்வளவுதான் சொன்னார். பொய் சொல்லு என்று அவர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. அந்தப் பெருமை முழுக்க எங்களுடையதுதான்.

அன்று ராத்திரி படுத்தபடியே கணக்குப் போட்டேன். அப்போது ரப்பர் விலை ஏறிக்கிடந்த காலம். காம்பார் டவுனிலிருந்து வந்த சீன லாரிக்காரன்கூட அதைப் பற்றித்தான் பேசினான். எனக்கு ஒரு நாள் பேர் பதிந்தால் கூலி முப்பது காசு. பத்து ஏறினால் நாற்பது. நாற்பதில் இரண்டு வயிறு ஒரு மாதம் ஓடிவிடும், இழுத்துப் பிடித்தால். அவர் உட்காரலாம். கால் நிற்கும். இதற்கு மேல் எனக்குக் கணக்குத் தெரியாது, தேவையும் இல்லை. அவரிடம் சொன்னேன். "பாப்பம் புள்ள" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் குழாயடியில் விஷயம் பரவிவிட்டது. எங்களுக்குத் தெரிந்த நியாயம் ஒன்றே ஒன்றுதான். தோட்டத்துக் கடை முகம்மது கௌஸ் ராவுத்தரை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் பின்வரிசை ஐயாவு குளிர்காய்ச்சலில் பத்து நாள் படுத்தபோது, அவன் பொண்டாட்டி போய் நின்றால், "அரிசி தீந்துபோச்சு தங்கச்சி" என்பார். முதுகுக்குப் பின்னால் மூட்டை நிற்கும். அவள் அடுத்த நாள் எங்கள் எதிர்வீட்டு வீரம்மாவின் கம்மலை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். மூட்டை வாய் திறந்தது. இருக்கிறவளுக்குத்தான் கொடுப்பார்கள். இல்லாதவளுக்குக் கொடுத்தால் திரும்பி வராதே. இதைக் கடையில் படித்தோம், விடிகாலை பேர் கூப்பிடுகிற பெரட்டில் படித்தோம், கள்ளுக்கடையில் ஆம்பிளைகள் படித்தார்கள். துரை மட்டும் வேறு மாதிரி இருப்பான் என்று எங்களுக்கு எப்படித் தோன்றும்?

"பிச்சக்காரி மாதிரி போயி நின்னா இருக்கறதயும் கொறச்சிருவான்டி. நாலு பேரு மாதிரி இருக்கணும்" என்றாள் வீரம்மா. அவள் சொன்னால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மறுபேச்சு கிடையாது.

புதன்கிழமை பால் வெட்டு முடிந்து வந்ததும் பொண்ணு பார்க்க வருகிற வீடு மாதிரி ஆகிவிட்டது என் வீடு. வீரம்மா தன் பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்து வைத்தாள். கங்காணி வீட்டிலிருந்து சாயம் போகாத இரண்டு சீலை வந்தது. அதைக் கொடியில், வெளியே தெரிகிறபடி போட்டோம். ஆளுக்கு ஒரு குவளை அரிசி கொட்டி நான் அரிசி வைக்கிற பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தை நிரப்பினார்கள். அந்தத் தகரம் நிறைந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான், அதனால் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பத்துமலை ஓடாத கடிகாரத்தைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினான். கடைசி வீட்டு மாயாண்டி தன் சேவலைக் காலில் கயிறு கட்டி என் வாசலில் விட்டுவிட்டு, "சூப்பு வச்சிராத அக்கா" என்று பத்துத் தடவை சொல்லிவிட்டுப் போனான். என் புருஷனுக்கு யாரோ கொடுத்த வெள்ளை வேட்டி. அது புண்ணை மறைத்தது.

துரை சின்னப் பையன். கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்து தோல் உரிந்திருந்தது. கூட வந்தவர் ஈப்போ ஆபீஸ் கிளார்க்கு கார்த்திகேசு, யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டு, குடை, மடியில் பெரிய புத்தகம். துரை இங்கிலீசில் கேட்பான், அவர் தமிழில் கேட்பார், நான் சொல்வதை எழுதிக்கொள்வார். லயத்துச் சனம் முழுக்க, கங்காணியோடு சேர்ந்து, வாசலில் நின்றது.

"புருஷன்ர பேர் என்ன?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். புருஷன் பேரை எந்தப் பொம்பிளை சொல்வாள்? பின்னாலிருந்து வீரம்மா, "சன்னாசி, எழுதுங்கய்யா" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். துரையும் என்னவென்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்குப் பயம் போய்விட்டது. போகாமல் இருந்திருக்கலாம்.

"சீலை எத்தனை இருக்கு?"

கட்டியிருந்தது ஒன்று, கிழிசல் ஒன்று. வாசலில் மாயாண்டி நின்றான், பத்துமலை நின்றான், அத்தனை ஆம்பிளைகள் முன்னால், எனக்கு மாற்றுத் துணி இல்லை என்று எப்படிச் சொல்வது? "நாலு" என்றேன்.

"இறைச்சி கிழமைக்கு எத்தனை தரம் சமைக்கிறனீங்கள்?"

"ரெண்டு."

அவர் கேட்டது வாரத்துக்கு. எங்களுக்குத் தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் என்று வருஷத்துக்கு ரெண்டு. அதனால் முழுப் பொய் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதற்குள் சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு மாயாண்டி வீட்டைப் பார்த்து ஓடியது. மாயாண்டி ஒரு எட்டு வைத்து நின்றுவிட்டான்.

"அது உங்கட சேவல்தானே? அங்கால ஓடுது?"

"ஆமாங்கய்யா. அது ரெண்டு வீட்லயும் தங்கும்."

கார்த்திகேசு எழுதுவதை நிறுத்தினார். புத்தகத்தை மூடவில்லை. துரைக்குக் கேட்காதபடி குரலை இறக்கி, "தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்கோ. இது உங்கட நன்மைக்குத்தான். இல்லாததை இல்லையெண்டு சொன்னால் ஒரு குறையும் வராது" என்றார்.

நல்ல மனுஷர். இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குச் சுர்ரென்று வந்தது. கோட்டுப் போட்டவன் என்னைப் பார்த்து உனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்கிறான், அதுவும் ஊர் முன்னால். "எல்லாம் இருக்குங்கய்யா. வேணும்னா அரிசித் தகரத்தத் தொறந்து பாத்துக்குங்க" என்றேன். அவர் திறக்கவில்லை. துரை திறந்து பார்த்தான். தலையை ஆட்டினான். மாதம் மிச்சம் பிடிக்கிறதுண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. நாக்கு நிற்கவில்லை.

"பிள்ளையள்?"

"ரெண்டு. ரெண்டும் செத்துப்போச்சு. ஒண்ணு காய்ச்சல்ல, ஒண்ணு வயித்துப்போக்குல."

அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான். அதையும் சீலைக் கணக்குக்குக் கீழே எழுதிக்கொண்டார்.

கடைசியில் துரை என் புருஷனைக் காட்டி ஏதோ கேட்டான். ஏன் அவர் எழுந்து நிற்கவில்லை, காலில் என்ன என்று. இப்போது சொல்லிவிடு, இதை மட்டுமாவது சொல்லிவிடு என்று அவரைப் பார்த்தேன். அவர் கங்காணியைப் பார்த்தார். வேலைக்கு ஆகாதவன் என்று பேர் விழுந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஒண்ணுமில்லீங்க தொரை. முள்ளுக் குத்திருச்சு" என்று சொல்லி எழுந்து நின்றார். நேராக நின்றார். வேட்டிக் கரையில் மஞ்சளாக ஊறுவதை நான் மட்டும் பார்த்தேன்.

அவர்கள் போனதும் அரிசியைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். யார் எவ்வளவு கொட்டினோம் என்று சரியாகத் தெரியாமல் கொஞ்சம் வாய்ச்சண்டை வந்தது. வீரம்மா மட்டும் ஒரு குவளையை விட்டுவிட்டுப் போனாள். "நல்லாப் பேசினடி" என்றாள்.

இரண்டு மாதம் ஓடிற்று. புண்ணில் நாற்றம் வைத்தது. ராத்திரி அவர் முனகுவார், நான் எழுந்து துணி மாற்றுவேன், இரண்டு பேரும் ஒன்றும் பேசமாட்டோம். பேசினால் பத்துக் காசைப் பற்றித்தான் பேச வேண்டும். ஒரு நாள் விடிகாலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு முடிந்த பிறகு, தோட்டத்து ஆபீஸ் கிராணி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கடுதாசியைப் படித்தார். கவர்மெண்டு விசாரித்துப் பார்த்ததில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்கள் நல்லபடியாகச் சாப்பிட்டு, உடுத்தி, மிச்சமும் பிடிக்கிறார்கள். ஆகையால் இப்போது கொடுக்கிற சம்பளமே போதுமானது. அவ்வளவுதான் கடுதாசி. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் காத்துக்கொண்டு நின்றேன். ஒருத்தி, ஒரே ஒருத்தி என் தலைமயிரைப் பிடித்து இழுத்து, பாவி, உன்னால்தானடி என்று கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். வீரம்மா வாளியைத் தூக்கினாள். "வாடி, வெயில் வந்தா பால் நின்னுரும்" என்றாள். மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டு போனான். நாலு வீட்டிலும் ஒரே மாதிரிதான் நடந்திருக்கும் போலிருக்கிறது, அந்தந்த வீட்டுக்காரர்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கங்காணி மட்டும் என்னிடம் வந்து, சிரித்துக்கொண்டே, "நாலு வீட்டுலயும் ஒன் வீட்டத்தான் மேலா எழுதியிருந்தானாம் தொரை. கிராணி சொன்னாரு" என்றார்.

எதற்கு மறைக்க வேண்டும்? ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது வந்தது எனக்கே தெரிந்தது, போனதும் தெரிந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு என் புருஷன் பின்னால் நடந்தேன். அவர் ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்து நடந்தார். கடுதாசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆற்று மேட்டுக்கு ஏறும்போது மட்டும், "கால் போனாலும் வெட்டறது கையிதானே புள்ள" என்றார். வேடிக்கைக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை.

அன்றைக்கு அவரால் பதினைந்து மரத்துக்கு மேல் முடியவில்லை. அவருடைய மர நிரைகளில் பட்டை எல்லாம் தாழ்வான வெட்டு, குந்தித்தான் வெட்ட வேண்டும். கணக்குப்படி எல்லா மரமும் வெட்டாவிட்டால் அரைப் பேர், அரைக் கூலிதான் போடுவார்கள். என் மரங்களை ஓட்டமாய் முடித்துவிட்டு வந்து, அவரை ஒரு மரத்தடியில் காலைத் தூக்கி வைத்து உட்காரச் சொல்லிவிட்டு, அவர் மரங்களை நான் வெட்ட ஆரம்பித்தேன். பொம்பிளை வெட்டு தெரிந்துவிடக் கூடாது என்று அவர் அழுத்துகிற அளவுக்கு அழுத்தி வெட்டினேன். மூன்று நிரை தாண்டியிருப்பேன். பள்ளத்துப் பக்கம் கங்காணியின் இருமல் கேட்டது. நான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

என் புருஷன் எழுந்து நின்றார். நான் ஏற்கெனவே வெட்டிவிட்ட மரத்தில், பால் ஓடிக்கொண்டிருக்கிற கோட்டின் மேலேயே கத்தியை வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார்.

"என்னா சன்னாசி, கால் எப்பிடி?"

"ஆறிப்போச்சுண்ணே."

"நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன்."

கங்காணி அடுத்த நிரைக்குப் போய்விட்டார். இருமல் தூரமாகி, அப்புறம் கேட்கவே இல்லை. நான் வெளியே வந்து, "உக்காருங்க, போயிட்டாரு" என்றேன். அவர் உட்காரவில்லை. மறுபடியும் சொன்னேன். அசையவில்லை. கத்தி பட்டையின் மேலேயே இருந்தது, பால் அவர் விரல் மேல் வழிந்து முழங்கை வரைக்கும் ஓடியது. அவர் அதைத் துடைக்காமல் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.