மூன்று வருடத் திட்டம்

டெய்சியின் கல்யாணப் படங்களை இலவச இணையதளத்தில் ஏற்றச் சொன்னது நான்தான். காசு வாங்காதவர்கள் பக்கத்தின் தலையில் விளம்பரம் ஒட்டுவார்கள் என்று ரீனா எச்சரித்தபோது, பஸ் முதுகில் ஒட்டவில்லையா என்று பேசியவனும் நானே. மணப்பெண்ணின் முக்காட்டுக்கு மேலே, 'தனிமையில் வாடுகிறீர்களா? இன்றே புதுத் துணை தேடுங்கள்' என்று இங்கிலீஷில் மின்னியது. முதலில் பார்த்தவர்கள் சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தங்கள்.

டெய்சியின் அப்பா ஜெரோம் சார், வேடசந்தூரிலிருந்து பஸ் பிடித்து திண்டுக்கல்லில் என் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார்.

"ஏலே ரொனால்டு, எம் மக கழுத்துல தாலி ஏறி மஞ்சகூடக் காயல. அதுக்குள்ள இன்னொருத்தனத் தேடச் சொல்றியே அப்பு!"

"அது கம்ப்யூட்டர் தன்னால போடுறது சார்."

"ஒன்னயப் படம் எடுக்கக் கூப்பிட்டதும் நான் தன்னால செஞ்சதுதான்."

ரீனா மானிட்டருக்குப் பின்னால் குனிந்து சிரித்தாள். கடையில் ஆல்பம், கம்ப்யூட்டர் எல்லாம் அவள் பொறுப்பு. ஊரையே அண்ணே என்பவள், என்னை மட்டும் எப்படியும் கூப்பிட்டதில்லை. அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் உயிர் வாழ்வது?

காசு கட்டியே இணையத்தில் இடம் வாங்குவது என்று முடிவாயிற்று. சென்னைக் கம்பெனியில் ஒரு வருடம், மூன்று வருடம் என்று இரண்டு திட்டம். மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் மலிவு. நடுவில் விட்டால் பணம் திரும்பாது. எனக்கு கேமரா பொத்தானைத் தவிர எதையும் அழுத்தத் தெரியாது, தளத்தை நடத்தப்போகிறவள் ரீனா. அவளுக்கோ பஹ்ரைனில் அண்ணன் வேலை பார்த்து வைத்திருந்தான். பாஸ்போர்ட் வந்த அன்று லட்டு கொடுத்தாள். இனிப்பு கம்மி என்று குறை சொல்லியே இரண்டு தின்றேன்.

போகிறாயா, இருப்பாயா என்று நேராகக் கேட்டிருக்கலாம். ஊரார் கல்யாணத்தில் 'இன்னும் நெருங்கி நில்லுங்க' என்று அதட்டுகிற வாய், சொந்த விஷயத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் டீ வரும்போதெல்லாம் திட்டத்தைக் கேட்டேன். ஒரு வருஷமா, மூணு வருஷமா? "ஒங்க கடை, ஒங்க இஷ்டம்" என்பாள்.

டி.டி. எடுக்க பேங்குக்குக் கிளம்பும்போதும் வாசலில் நின்று இளித்தேன். "ஒரு வருசமே போடுறேன். மூணு வருசத்துல எத்தன கம்ப்யூட்டர் மாறும், எத்தன ரீனா மாறுவாங்களோ."

அவள் சிரிக்கவில்லை. மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"பிளானக் கேக்குறீங்களா, என்னையக் கேக்குறீங்களா?"

ஒரு ஜோக்காவது வந்து காப்பாற்றும் என்று பார்த்தேன். வரவில்லை.

"ஒன்னயத்தான்."

"மூணு வருசம் போடுங்க. வரலேன்னு அண்ணங்கிட்ட ஞாயித்துக்கெழமையே சொல்லிட்டேன். மத்தத அப்பாகிட்ட வந்து கேளுங்க."

மறுபடி மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதில் யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் சண்டைக்காரர்கள் போலத் தள்ளி நின்றார்கள். ரீனா மவுஸைப் பிடித்து, மாப்பிள்ளையை மெல்ல இழுத்துக்கொண்டுபோய்ப் பெண்ணின் தோளருகே விட்டாள்.