நான்கு சுவருக்குள் ஓர் அழுகை

வக்கீல் பிரிங்கிள் மூன்றாவது முறையாக அதையே கேட்டபோது ஹெஸ்டர் மாட்டுக்கொட்டில் பக்கம் பார்த்தபடி இருந்தாள். பால் கறக்க நேரமாகிவிட்டது. தங்கை பீபியையும் அவள் பெற்ற பச்சைப் பிள்ளையையும் புதைத்துவிட்டு வந்த கறுப்பு உடையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"குழந்தை அழுதுச்சா, இல்லையாம்மா? அது மட்டும் சொல்லுங்க போதும்."

விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம் அப்படி. மனைவி செத்தால் அவள் நிலத்தைப் புருஷன் சாகும்வரை ஆளலாம். ஆனால் பிள்ளை உயிரோடு பிறந்து, அறையின் நான்கு சுவருக்குள் அதன் அழுகை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பண்ணை ஹெஸ்டருக்கு. பண்ணையை இளையவள் பெயரில் எழுதிவைத்து, "அக்காவ நீ பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடியவர் அப்பா. இளையவள் அக்காவுக்கு முன்பே போய்ச் சேர்வாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, பாவம்.

பீபியின் புருஷன் சைலஸ் கணப்பருகே உட்கார்ந்திருந்தான். பிரசவத்தன்று அவன் சந்தையில் இருந்தான். டார்செட் சீமையில் கொட்டிய மழையில் பாலம் மூழ்கி மருத்துவச்சியும் வரவில்லை. அறையில் இருந்தது அக்காவும் தங்கையும் மட்டும்.

"அவ எப்படிச் சொல்லுவா? சொன்னா மூட்டை கட்டணும்ல," என்றான் சைலஸ்.

"கட்டச் சொல்றது நீதானே?"

"பின்ன, காலம்பூரா உன்ன உக்கார வச்சு சாப்பாடு போடவா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். மறுத்துச் சொல்ல ஆள் கிடையாது. இந்த வயதில் வீட்டை விட்டால் யார் வீட்டுச் சமையலறை மூலையோ. நேற்று முழுக்க அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் அதைச் சொன்னால் அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். உயிர் போகிற நேரத்தில் பீபி, "அழுதான்லக்கா?" என்று கேட்டுச் சிரித்தாளே, அதுவும் இல்லை என்று ஆகிவிடும். எந்தப் பக்கமும் போக வழியில்லை.

"அழுதான் ஐயா," என்றாள்.

சைலஸ் தொடையில் தட்டிக்கொண்டான். வக்கீல் பேனாவை எடுத்தார். "எப்படிம்மா? முனகலெல்லாம் கணக்குல வராது."

ஹெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு குழந்தை அழுதது போலவே அழுது காட்டினாள். மெல்லிசாக, இழுத்து, நடுவில் மூச்சு முட்டி, மறுபடியும்.

கண்ணைத் திறந்தபோது வக்கீலின் பேனா நின்றிருந்தது. சைலஸ் முகம் வெளுத்திருந்தது. தன் மகனின் குரலை அவன் அதுவரை கேட்டதில்லை.

"இன்னொரு தடவ ஹெஸ்டர்," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.