பள்ளத்தில் கேட்ட பெயர்

ஊரிகம் ரயில்வே ஸ்டேஷனில் விசாரணைக்கென்று ஒதுக்கியிருந்த அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் ஜெயமேரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“லச்சுமின்னா யாரு சார்?”

ரயில்வே விசாரணை அதிகாரி வால்டர் மேஜைமேல் இருந்த கோப்பைப் புரட்டினார். கவிழ்ந்த சரக்கு ரயிலின் கார்டு சாம்சன் அவளுடைய கணவன். ரயில் எதனால் கவிழ்ந்தது என்பதில் குழப்பமே இருக்கவில்லை. தொண்ணூற்றாறாம் வருஷத்து ஐப்பசி மழையில் வளைவின் அடிமண் கரைந்து தண்டவாளம் இறங்கிவிட்டது. சாய்ந்த பெட்டி ஒன்றில் இருந்த குளோரின் உருளைகள் உடைந்து, மஞ்சள் புகை பள்ளத்தில் போய்த் தேங்கியது. பள்ளத்தையொட்டி ஒரு வரிசை வீடுகள். சாம்சன் ஓடிப்போய் ஒவ்வொரு கதவாகத் தட்டி, எல்லாரையும் எதிரே இருந்த சயனைடு மேட்டில் ஏறச் சொல்லியிருக்கிறான். தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண் மலை அது. காற்றடித்தால் அதன் தூசுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொள்கிற சனம், அன்றைக்கு அதன் மேல் ஏறித்தான் பிழைத்தது. ஒருவரும் சாகவில்லை, சாம்சனைத் தவிர. அவன் உடல் பள்ளத்தின் நடுவில் கிடந்தது. மேட்டிலிருந்து திரும்ப இறங்கியிருக்கிறான். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து அவன் “லச்சுமி, லச்சுமி” என்று கூப்பிட்டது கேட்டதாக உதவி டிரைவர் சாட்சி சொன்னார்.

அது போதுமாக இருந்தது ஊருக்கு. குழாயடியிலும் கோயில் வாசலிலும் தன்னைக் கண்டதும் பேச்சு நின்றுவிடுகிறது என்றாள் ஜெயமேரி. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதை வால்டர் கவனித்தார். கணவனை அடக்கம் செய்துவிட்டு, அவனை வெறுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பயத்தில் திசை தவறி ஓடினான் என்று எழுதி முடித்துவிடலாம் என்றார் மேலதிகாரி. வால்டருக்கு மனம் வரவில்லை. அவரும் இதே தங்கச் சுரங்கப் பகுதியில், பக்கத்துச் சாம்பியன் ரீப்ஸில் பிறந்தவர்தான். சாம்சனின் குரலை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் தண்டவாளத்தோரம் தனியே நடக்கும்போதெல்லாம் கீழே இருந்து யாரோ இருமிக்கொண்டே கூப்பிடுவது போலிருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடப்பார்.

பள்ளத்து வீடுகளில் ஏற்கெனவே விசாரித்திருந்தார். லச்சுமி என்று இங்கே எந்தப் பெண்ணும் இல்லை என்று எல்லாரும் தரையைப் பார்த்தபடி சொல்லியிருந்தார்கள். மறுபடி போனபோது அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சாம்சனைப் பற்றியும் அவன் மனைவியைப் பற்றியும் ஊர் என்ன பேசுகிறது என்பதை மட்டும், கடைசி வீட்டுப் பார்வதம்மாவிடம் சொன்னார். ஆடு மேய்க்கிற பெண்மணி. கேட்டுக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எல்லாரும் மேல ஏறிட்டோம் சார். பாத்தா, என் லச்சுமிய காணோம். ஐயோ என் லச்சுமி கீழயே கீறாளேன்னு வயித்துல அடிச்சிகினு கத்தினேன். அவரு ஒண்ணியும் கேக்கல. ஈரத்துணிய மூஞ்சில சுத்திகினு எறங்கிட்டாரு.”

“உங்க பொண்ணாம்மா?”

“ஆடு சார்.”

ஆடு என்று அவள் கத்திச் சொல்வதற்குள் புகை அவனை மூடிவிட்டது. அந்த வரிசைக்கே இது தெரியும். போலீசுக்குப் பயந்து எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து தனக்குச் சோறு இறங்கவில்லை என்றாள்.

அறிக்கையை எழுதுவதற்கு முன் வால்டர் ஜெயமேரியின் வீட்டுக்குப் போனார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அவள் அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை.

“கொழந்தைன்னு நெனச்சிட்டாரு,” என்றாள். பிறகு, “ஆடு பொழச்சிச்சா?”

“பொழச்சிடிச்சி. முன்னாடியே வேற பக்கமா மேட்டுல ஏறி நின்னுகினு இருந்திச்சாம்.”

அவள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“காட்டுங்க சார்.”

மேட்டுச் சரிவில் பார்வதம்மா ஆடுகளோடு நின்றிருந்தாள். இவர்களைக் கண்டதும் கையிலிருந்த கோலைக் கீழே போட்டாள். எது லச்சுமி என்று வால்டர் காட்ட வேண்டியிருக்கவில்லை. பார்வதம்மாவின் கண் போன இடத்தில் ஒரு கருப்பு ஆடு, வயிறு பெருத்து, சினையாக நின்றிருந்தது. ஜெயமேரி அதன் அருகே போய்க் கையை நீட்டினாள். தொடவில்லை.

ஆடு அவளை முகர்ந்து பார்த்தது. பிறகு விலகி, சரிவில் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. மழைக்குப் பின் பள்ளத்தில் இளம்புல் முளைத்திருந்தது. பார்வதம்மா அதைக் கூப்பிட வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற ஜெயமேரியைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். மூவரும் மேலேயே நின்றிருக்க, ஆடு புல்லின் நடுவுக்குப் போய்த் தலையைத் தாழ்த்தியது.