நாபோர் தூவினானா?

1

இப்போதெல்லாம் ஆள்கள் மலைக்கு வராமலே மலையைப் பற்றிப் பேசுகிறார்கள். மரத்தில் கேமராவைக் கட்டிவிட்டு, அதில் படம் விழுந்த ஜாகுவாருக்குப் பேரும் வைத்துவிடுகிறார்கள். நாட்டின் வடக்கு எல்லையோரம் இருக்கும் எங்கள் சொனோராவில் அதைப் புலி என்றுதான் சொல்வோம். புலிக்கு எதற்குப் பேர்? கூப்பிட்டால் வரவா போகிறது?

அந்த எரிச்சலில்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள். (பொறுக்காவிட்டாலும் சரி.)

2

ஓடை மணலில் நிலா வெளிச்சம்... வேண்டாம். நடந்தது நேற்று, பட்டப்பகலில்.

பக்கத்துப் பண்ணை நாபோரின் கன்றைப் புலி அடித்துப் பாதி தின்றுவிட்டு, மீதியைச் சருகால் மூடிவிட்டுப் போயிருந்தது. திரும்பி வரும் என்று அர்த்தம். அந்த மீதியில் விஷம் தூவிவைப்பது எங்கள் அப்பன் காலத்து வழக்கம். பொட்டலத்தோடு கிளம்பிய நாபோரை அவன் மனைவி ஓதிலா வாசலில் மறித்தாள். நான் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கய்யா கிளம்பிட்ட, கிழவா?"

"வழிய விடு. நம்ம கன்னுக்குட்டியத் தின்னிருக்கு."

"நீயுந்தான் போன வாரம் ஒண்ணத் தின்ன. உனக்கு யாரு விஷம் வச்சா?"

"நீதான். காப்பி அப்படித்தான் கசக்குது."

"அது ஆம்பளப் புலிய்யா. துணை தேடி வடக்க போவுது. எல்லைக்கு அந்தப் பக்கம் பொட்டையே கெடையாதாம். அலைஞ்சு பாத்துட்டுப் பசியோட திரும்பும்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"என்னப் பாக்க நீ மூணு மலை தாண்டி வரல? எங்கப்பன் உன்னச் சுட்டா போட்டாரு?"

"சுட்டாரு. குறி தப்பிருச்சு."

3

'நாபோர் மனம் இளகினான்' என்று எழுதி அடித்துவிட்டேன். இளகுகிற ஆளா அவன்? கன்றை இழந்த பசு வேறு விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பின்னாலேயே போய் ஓடையின் எதிர்ச்சரிவில் நின்றேன். மணலில் வடக்கே போன தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் குந்தியிருந்தான். பிறகு சருகை விலக்கினான். எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. மறுபடி சருகால் மூடினான், புலி மூடியதைவிடப் பதமாக. வீட்டுக்குப் போய் புலி அண்டாமலிருக்க மற்றக் கன்றுகளின் கழுத்தில் மணி கட்டினான்.

தூவியவன் எதற்கு மணி கட்டுகிறான்? ஆனால் நாபோர் எதையும் இரண்டு முடிச்சுப் போடுகிறவன்.

4

ஓதிலாவிடம் கேட்டேன்.

"தூவல," என்றாள்.

"பாத்தியா?"

"பாக்கணுமாக்கும்!"

அந்த ஓடைப் பக்கம் போனால் போதும். விஷம் இருந்தால் செத்த கழுகுகள் சொல்லிவிடும். முடிவு வேண்டுமென்றால் நீங்கள் போய்ப் பாருங்கள். நான் கோவேறு கழுதையை மறுபக்கமாக ஓட்டிக்கொண்டு போகிறேன். நம்பிவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.