கதவு வரிசை மட்டும்

சமையல்காரர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி பதிலைச் சொல்லி, நன்றியும் சொல்லி முடித்துவிடுவார். கேள்வி கணவருக்குத்தான் என்று டீச்சர் தலைகீழாக நின்று சொல்லியும் பலனில்லை. அந்த அம்மாவுக்கு மனசுக்குள் முந்திரிக்கொட்டை என்று பேர் வைத்ததோடு சரி. ஆனால் நாளைக் காலை மருத்துவமனைச் சமையலறை வேலைக்குச் சமையல்காரருக்கு நேர்காணல். இந்த மாலை வகுப்பில் பெரியவர்கள் படிக்கிற புது மொழியில்தான் பேசவேண்டும், அதுவும் தனியாக. விட்டால் அடுத்த வருடம்தான் ஆள் எடுப்பார்கள்.

டீச்சர் கெட்டிக்காரி. கேட்டால் அவளே சொல்லுவாள். பன்னிரண்டு பேரையும் ஆறு ஆறாக எதிரெதிரே உட்கார வைத்தாள். ஜன்னல் வரிசை முதலாளிகள், கையில் கேள்விச் சீட்டு. கதவு வரிசை வேலை கேட்டு வந்தவர்கள். மணி அடித்தால் கதவு வரிசை ஒரு நாற்காலி நகரவேண்டும், கடைசி ஆள் சுற்றி முதல் நாற்காலிக்கு வரவேண்டும். மனைவியை முதலாளியாக்கி, ஐந்து பேரிடம் பேசிவிட்டு ஆறாவதாகத்தான் கணவர் அவரிடம் போகும்படி வீட்டிலேயே படம் போட்டு வந்திருந்தாள். அதற்குள் நாக்குப் பழகிவிடும் என்பதில் அவளுக்குத் துளிச் சந்தேகமில்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும். முதல் மணி அடித்ததும், "எல்லாரும் உங்க வலது பக்கம் ஒரு நாற்காலி நகருங்க" என்று சொல்லித் தொலைத்தாள். எல்லாரும் என்றால் எல்லாரும்தானே? முதலாளிகளும் நகர்ந்தார்கள். எதிரெதிரே இருப்பவர்களின் வலது வேறு வேறு திசை. அதனால் ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு முதலாளி விட்டுப்போனார். அந்த அம்மா கேள்வியும் கேட்டு, பதிலும் சொல்லி, எதிரே இருந்த தையல்காரிக்கு வேலையும் கொடுத்துக்கொண்டிருந்ததை அடக்கப் போனதில் டீச்சர் இதைக் கவனிக்கவே இல்லை.

மூன்றாவது மணிக்குப் பிறகு முதலாளி வரிசையில் இருந்த முடிதிருத்துபவர் கத்தினார். "டீச்சர், இந்தச் சமையல்காரர் முதல்லயே என்கிட்ட வந்துட்டுப் போயிட்டாரே!"

டீச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அதே மூன்று முதலாளிகளைத்தான் சமையல்காரர் சுற்றிச் சுற்றி வருவார், மனைவியிடம் போகவே மாட்டார். நிறுத்தலாமென்று கையைத் தூக்கினாள். அதற்குள் அவர் பேச ஆரம்பித்திருந்தார். முதல் தடவை ஆமாம், இல்லை என்று மென்று முழுங்கியவர், அதே ஆளிடம் இப்போது "நூறு பேருக்கு ஒரே நேரத்துல சமைப்பேன்" என்றார். தெரிந்த முகம் தலையாட்டியதில் இன்னொரு வாக்கியமும் வந்தது. டீச்சர் கையை இறக்கினாள். தப்பாகவே நடக்கட்டும் என்று ஆறு சுற்றும் விட்டுவிட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு சுற்று," என்றாள் பிறகு. "இந்தத் தடவை கதவு வரிசை மட்டும்."

சமையல்காரர் ஒரு நாற்காலி நகர்ந்தார். எதிரே மனைவி.

அந்த அம்மா கேள்வியைக் கேட்டார். பதிலும் அவர் உதட்டு நுனிக்கு வந்துவிட்டது. டீச்சருக்குப் பகீரென்றது. ஆனால் அந்த அம்மா கேள்விச் சீட்டாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். கணவர் நிதானமாகப் பதில் சொன்னார். அடுத்ததற்கும் சொன்னார்.

அந்த அம்மா சீட்டைக் கீழே வைத்தார். புது மொழியிலேயே, தட்டுத்தடுமாறிக் கேட்டார்.

"நாளைக்கு நான் பக்கத்துல இருக்க மாட்டேன். பயமா இல்லையா?"

டீச்சர் எழுதிக் கொடுக்காத கேள்வி அது.

"பயமாத்தான் இருக்கு," என்றார் சமையல்காரர். "ஆனா பேசிடுவேன்."

அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"முதலாளி அழக்கூடாது," என்றார் கணவர், அதே மொழியில்.