கழுவிய பாசி

பல் டாக்டரின் வீட்டு ஹாலில் இருந்த கடல் மீன் தொட்டியில் பாசி பிடித்துவிட்டது. கண்ணாடி முழுக்கப் பச்சைப் படலம். பவளங்களுக்கு நடுவே பாறைகள் தாடி வளர்த்திருந்தன. பகலெல்லாம் ஊரார் பல்லில் காரை சுரண்டிவிட்டு வருகிற மனுஷனுக்குச் சொந்த வீட்டில் இப்படி ஒரு தரிசனம். "சுத்தம் சோறு போடும்" என்று வருகிற நோயாளிக்கெல்லாம் பிரஷ்ஷைக் காட்டிப் பாடம் எடுப்பவர் அவர். அவமானமாகத்தான் இருந்தது.

அவர் மனைவிக்குக் கவலை பாசியைப் பற்றி இல்லை. மாப்பிள்ளையைப் பற்றி.

மாப்பிள்ளை என்பது ஒரு மீன். விரல் நீளம்தான், உடம்பெல்லாம் நீலமும் ஆரஞ்சுமாகச் சரிகை போட்டிருக்கும். தொட்டி வந்த நாளில் மூக்கைச் சுளித்தவள், இந்த ஒரு மீனிடம் மட்டும் மனதைப் பறிகொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து, தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால்தான் அவளுக்கு மூச்சு திரும்பும். பெயரும் அவள் வைத்ததுதான். எதைப் போட்டாலும் அது தொடாது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். மாப்பிள்ளை முறுக்கு என்றால் அப்படி ஒரு முறுக்கு. பாறை இடுக்கில் உயிரோடு ஓடுகிற பொடிப்பூச்சிகளை மட்டும் கொத்தித் தின்னும். தொட்டியில் அந்தப் பூச்சிகள் தீர்ந்துகொண்டே வந்தன. மாப்பிள்ளையின் வயிறு ஒட்டத் தொடங்கியிருந்தது.

மனைவியின் தம்பி மீன் கடை வைத்திருந்தான். பாசிக்கு மருந்து பாசிதான் என்றான் அவன். தனியாக ஓரிடத்தில் நல்ல பாசியை வளர்த்தால், தண்ணீரில் இருக்கிற கழிவுச் சத்தையெல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். வேண்டாத பாசி பட்டினியில் மடியும். எந்த அமைப்பு வைப்பது என்பதுதான் கேள்வி.

"திரை வச்சுக்கலாம் மாமா. சல்லடை மாதிரி ஒரு தகடு. மேலேருந்து தண்ணி வழியும், லைட் போட்டா அதுலேயே பாசி படரும். வாரா வாரம் சுரண்டி எடுத்தாப் போதும்."

"சுரண்டறதா? கிளினிக்ல பண்றது பத்தாதா எனக்கு?"

டாக்டருக்குப் பிடித்தது உருளை. மூடிய குழாய், நடுவில் விளக்கு. பாசி உள்ளேயே வளர்ந்து உள்ளேயே அடங்கிக் கிடக்கும். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. பார்வைக்குக் கிளினிக் சாமான் மாதிரியே இருந்தது. ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார்.

"அதுல பூச்சி வளருமாடா?" என்று மனைவி தம்பியைக் கேட்டாள்.

"அவ்வளவா நிக்காதுக்கா. பூச்சி வேணும்னா அறைதான்." மீன் தொட்டிக்கு அடியில், தண்ணீர் வடிந்து சுத்தமாகி மேலே திரும்புகிற கீழ்த்தொட்டியில் ஒரு பக்கத்தைத் தடுத்து, பாசிப் பந்தைப் போட்டு, விளக்கு வைக்கிற ஏற்பாடு அது. பந்துக்குள் பூச்சிகள் குடும்பம் நடத்திப் பெருகும். பம்பு வழியாக மேலே வரும். "ஆனா கொஞ்சம் அழுக்காத்தான் இருக்கும். மாமாவுக்கு ஒத்துவராது."

"மாமாவுக்கு ஒத்துவரலைன்னா பரவால்ல, மாப்பிள்ளைக்கு ஒத்துவந்தாப் போதும்" என்றவள், டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இது செத்துப் போச்சுன்னா என்னால தாங்க முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

எதையும் வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. டாக்டர் உருளையை மறந்தார். அப்படிப்பட்ட சுத்தக்காரர் ஒரு அழுக்கு அறையை வீட்டுக்குள் விடுவது சின்ன விஷயம் இல்லை. அதைப் பிரியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மச்சினன் பாசிப் பந்தைப் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினான். சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி, தூசும் தும்புமாகக் கலங்கல் தண்ணீரில் கிடந்தது. டாக்டர் சமையலறைக் குழாயைத் திறந்தார்.

"பெரிய வடிகட்டி ஒண்ணு குடேன்."

மனைவி எடுத்துக் கொடுத்தாள். இவர் இவ்வளவு சிரத்தை எடுப்பதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். அவர் பந்தைப் பிரித்துப் பிரித்து, தண்ணீர் தெளிகிறவரை அலசினார். அதற்கப்புறமும் வாரந்தோறும் வளர்ந்ததை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை அதேபோல அலசித்தான் உள்ளே விட்டார்.

கண்ணாடி பளிச்சென்று ஆயிற்று. பாறைகளின் தாடி உதிர்ந்தது. டாக்டர் போட்டோ எடுத்து நோயாளிகளிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் இளைத்துக்கொண்டே போயிற்று. பூச்சி பெருக நாளாகும் என்று இருவரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு மாலை அவள் தொட்டி முன்னால் உட்கார்ந்து அழுதேவிட்டாள். டாக்டர், வேலையின்போது போடுகிற உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே குனிந்தார். பல்லில் மயிரிழை விரிசல் இருந்தாலும் காட்டிக்கொடுக்கிற கண்ணாடி. பச்சை இழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அவற்றின்மேல் எதுவும் ஓடவில்லை.

மச்சினனுக்குப் போன் போட்டார். "பூச்சி ஒண்ணுகூட இல்லையேப்பா."

"இருக்கணுமே மாமா. பையிலயே மொச மொசன்னு இருந்துச்சே." கொஞ்சம் நிறுத்தி, "குழாய்த் தண்ணியில கழுவினீங்களா?" என்றான்.

"ஒரே அழுக்கா இருந்துது..."

"அந்த அழுக்குதான் மாமா சாப்பாடே. கடல் பூச்சி மேல நல்ல தண்ணி பட்டா அவ்வளவுதான். சே, நான் சொல்லியிருக்கணும். கழுவுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

டாக்டர் போனை வைத்தார். "நான்தான் அதைப் பட்டினி போட்டுட்டேன்" என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வடிகட்டி குடுத்தது நான்தானே" என்றாள் பிறகு.

மச்சினன் அன்றைக்கே இன்னொரு பந்தைக் கொண்டுவந்தான். டாக்டர் அதைக் கையால் தொடாமல், கலங்கல் தண்ணீரோடு அப்படியே கவிழ்த்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மாப்பிள்ளைக்குக் கொத்தித் தின்கிற தெம்பே போயிருந்தது. அந்த வாரமே ஒரு காலையில் பாறையடியில் சாய்ந்து கிடந்தது. சரிகை மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை.

பூச்சிகள் அதற்கப்புறம் பெருகின. பம்பு வழியாக மேலே வந்து, கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக ஓடின. தொட்டி முழுக்க விருந்து, சாப்பிடத்தான் ஆள் இல்லை.

ஒருநாள் டாக்டர் பழக்கதோஷத்தில் கண்ணாடி துடைக்கும் காந்தத்தைக் கையில் எடுத்தார். நாற்காலியில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணாங்க. அதுங்களாவது இருக்கட்டும்."

அவர் காந்தத்தை மேஜைமேல் வைத்தார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடி அழுக்காகவே இருந்தது.